இடதுகால் செருப்பு

சாயங்காலம் ஆறு மணியானால் தங்கப்பழத்தின் இடதுகால் செருப்பு காணாமல் போய்விடும். ஒற்றைச் செருப்போடு மனுஷன் எப்படி ஒயின்ஷாப்புக்குப் போவான் என்பது அவன் பெண்டாட்டி சொர்ணத்தின் நினைப்பு. அரிசி டிரம், தலையணை உறை, பரண் என்று தினம் ஓர் இடம். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. எப்படியாவது கண்டெடுத்து, அவளைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுத்தான் கிளம்புவான்.

நேற்று அவன் தேடவே இல்லை. இன்று காலை குளித்துவிட்டு, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாமல் நடுங்கும் விரல்களோடு வந்து நின்றான்.

“ஏட்டி, செருப்பை எடு. குடியை நிறுத்துற ஆஸ்பத்திரிக்குப் போவோம். என்னால தனியா முடியாது.”

சொர்ணம் பொத்தான்களைப் போட்டுவிட்டு ஓடினாள். டிரம்மைக் கவிழ்த்தாள், தலையணையைப் பிரித்தாள், பரணில் ஏறி இறங்கினாள். “வச்ச இடம் மறந்துபோச்சுங்க” என்று அழாக்குறையாகச் சொன்னாள். அவனும் தேடினான். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவனுக்கும் அகப்படவில்லை.

கடைசியில் அவளுடைய இடதுகால் செருப்பில் பாதத்தை நுழைத்துக்கொண்டான். குதிகால் பாதி வெளியே கிடந்தது. அவள் வலதுகாலில் மட்டும் செருப்போடு கூடவே நடந்தாள். பஸ்ஸில் எல்லோரும் கீழேயே பார்த்தார்கள்.

“இருபது நாள் இங்கதான் இருக்கணும். செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க” என்றாள், வார்டு வாசலில் நர்ஸ்.

சொர்ணத்தின் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் வைத்தான். தன்னுடைய வலதுகால் செருப்பை அவள் கையில் கொடுத்தான்.

“இதையும் அந்தக் காணாமப்போனதுகூடவே வச்சிரு.”

“அது எங்க இருக்குன்னே தெரியலியே!”

“அங்கயேதான்.”