நம்பிவிடுகிற ஃபோன்

"மாத்திரை போட்டாச்சா?" என்று ஃபோன் கேட்டதும், போடாமலேயே 'ஆச்சு' என்பதைத் தட்டினார் ஏகாம்பரம். அது உடனே நம்பிக் கைதட்டியது. பூ வேறு தூவியது. ஆயுசில் அவர் பொய்யை யாரும் இவ்வளவு மரியாதையாக நம்பியதில்லை. போன வருஷம் போய்ச் சேர்ந்த மனைவி கோமளாவிடம் இது ஒருநாளும் செல்லுபடியானதில்லை.

மகள் தேன்மொழி அழைத்தாள். "ஆப்புல எல்லாம் பச்சை டிக்கா இருக்கு. அப்புறம் எப்படிப்பா சுகர் முந்நூறைத் தாண்டுது? கால் புண்ணும் ஆறல. விரலை எடுத்துடுவாங்கப்பா!"

"நான் என்னம்மா பண்றது? அது நம்பிடுது. உங்கம்மா நம்புவாளா?"

"வீடியோவுல வாங்க. என் கண்ணு முன்னாடி போடுங்க."

போட்டார். தண்ணீரும் குடித்தார். மாத்திரையை மட்டும் விழுங்காமல் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டார். கோமளாவாக இருந்தால் இந்நேரம் தாடையைப் பிடித்து, "முழுங்குய்யா, திருட்டு மனுஷா!" என்றிருப்பாள்.

"எங்க, வாயைத் திறங்க" என்றாள் தேன்மொழி.

திறந்தார். திரையில் மகளின் கண்கள் மட்டும் பெரிதாக நெருங்கி வந்தன. 'கண்டுபிடிச்சிடும்மா' என்று வேண்டிக்கொண்டே ஏகாம்பரம் நாக்கை நீட்டினார்.