ஈயச் சொம்பின் ஞாயிற்றுக்கிழமை

பழைய சாமான் கடையில் தூசி படிந்து கிடந்த ஓர் ஈயச் சொம்பை மிருணாளினி ஆசையாக வாங்கி வந்து, கூடத்து அலமாரியில் வைத்தாள். பக்கத்தில் ஒரு பெரிய மர ரேடியோ இருந்தது.

"நீ என்ன பாடுவே?" என்று சொம்பு கேட்டது.

"பாட்டா? உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிட்டு பல்பு மாட்டியிருக்காங்க. எரிவேன். வர்றவங்க அழகா இருக்குன்னு சொல்லுவாங்க," என்றது ரேடியோ.

சொம்புக்குப் பாவமாக இருந்தது. நல்லவேளையாகத் தனக்கு அந்தக் கதி இல்லை என்று நினைத்துக்கொண்டது. அது ரசம் வைக்கப் பிறந்த சொம்பு.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். "இன்னைக்கு ஈயச் சொம்பு ரசம்!" என்று மிருணாளினி அதைத் தூக்கிக்கொண்டு போனபோது, சொம்பு ரேடியோவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தது.

அவள் அடுப்பைப் பற்றவைத்து, வாணலியைக் காயவைப்பதுபோல வெறும் சொம்பை அதன்மேல் வைத்தாள்.

"முதல்ல புளித்தண்ணியை ஊத்தும்மா, உருகிடுவேன்!" என்று சொம்பு கத்தியது. அவள் செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பாதி உருகி, வழிந்து, உறைந்துபோன சொம்பு சாயங்காலம் அலமாரிக்குத் திரும்பியது. விருந்தாளிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். "இப்படி ஒண்ணு எங்க கிடைக்கும்?" என்று ஒருத்தி விசாரித்தாள்.

"இனிமே உனக்குத்தான் மவுசு," என்றது ரேடியோ.

சொம்பு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ரசம் என்ன ஆச்சு?" என்று கேட்டது.

"எவர்சில்வர் பாத்திரத்துல வச்சா. எல்லாரும் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சாங்க."