சத்தத்தின் அளவு

விடுதி அறைகளில் இருக்கும் டிவிகளையெல்லாம் வரவேற்பறைக் கணினியிலிருந்தே இயக்கும்படி கணவனும் மனைவியும் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஒரே ஓர் அறைதான் பாக்கி. அதற்கான அடாப்டரோடு கணவன் மாடிக்குப் போனான். மனைவி கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். எந்த டிவி ஓடுகிறது, சத்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதன் திரையில் தெரியும்.

அந்த அறை டிவி ஓடுவதாகத் திரை காட்டியது. அவள் போன் செய்தாள்.

“அதுக்குள்ள மாட்டிட்டீங்களா?”

“அடாப்டரைப் பிரிக்கவே இல்லடி. டிவி வயரைக்கூட இன்னும் பிளக்குல சொருகல.”

அவன் பேசப் பேசச் சத்தத்தின் அளவு மளமளவென்று இறங்கியது. பேச்சை நிறுத்தியதும் பழையபடி ஏறியது. பக்கத்து அறையில் ஏதாவது பேச்சுக் கேட்டால் அவளும் வீட்டில் டிவியை அப்படித்தான் குறைப்பாள்.

“ரூம்ல கூட யாரு இருக்கா?”

“நான் மட்டும்தான். ஏன், பேய் கீய் தெரியுதா?” என்று சிரித்தான். அளவு மறுபடி இறங்கியது.

“வாயே தெறக்காதீங்க. கீழ வாங்க.”

வந்தான். திரையைக் காட்டினாள். கேபிள்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

வீட்டில் மகள் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ரிமோட் அவளுக்கு எட்டாத அலமாரியின் மேல் கிடந்தது.

“ஏம்மா, இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க?” என்று கேட்டாள் மகள்.

டிவியின் சத்தம் மெல்லக் குறைந்தது.