பச்சை வல்லாரை

மறதிக்கு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து, அருளானந்தம் தினமும் வாய்க்கால் ஓரத்தில் வல்லாரை பறித்து வந்து, மனைவி பிலோமினாவுக்குப் பச்சையாகவே ஊட்டிவந்தார். சில மாதங்களில் அவள் கண்கள் மஞ்சளாயின. புற்றுநோயாக இருக்குமோ என்று வீடே கலங்கிப்போனது. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், பித்தக்குழாயிலிருந்து சிறு இலைபோல் ஒரு தட்டைப்புழுவை உயிரோடு எடுத்தார். வாய்க்கால் கீரையைப் பச்சையாகத் தின்றதில் வந்தது என்றார்.

கண்விழித்ததும் பிலோமினா, "எனக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொல்லி, "நான்தான் பிலோ ஊட்டினேன்" என்று உடைந்து அழுதார். அவள் அவருடைய கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "தெரிஞ்சா குடுத்தீங்க? விடுங்க."

சாயங்காலம் அவளுக்கு அது மறந்துபோயிருந்தது. "எதுக்குங்க இங்க வந்திருக்கோம்?"

"சும்மா காய்ச்சல்தாம்மா" என்று மகள் முந்திக்கொண்டாள்.

"இல்ல, பிலோ" என்றார் அருளானந்தம். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். கீரை ஊட்டிய இடத்துக்கு அவர் இன்னும் வரவேயில்லை. அதற்குள் அவள் கை எழும்பி அவர் கன்னத்துக்கு வந்துவிட்டது.