தினமும் வருகிற ஒருவர்

மாரண்டஹள்ளி மாங்கூழ் ஆலையில், ஊழியர்களின் லாகின் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் இருக்கும் பழைய டொமைன் சர்வரை மாற்ற ஓசூரிலிருந்து பூவிழி வந்திருந்தாள். புதியதற்குப் பெயர்களை ஏற்றும் முன், ஆறு மாதமாக லாகின் செய்யாத ஊழியர்களைப் பட்டியலிட்டாள்.

பட்டியலை மேனேஜர் மாதவராஜ் வாங்கிப் பார்த்தார். சர்வரில் இருந்த முப்பது பெயர்களில் இருபத்தொன்பது அதில் இருந்தன. முதல் பெயரே அவருடையதுதான்.

"பச்சியப்பன் ஒருத்தர்தாங்க சார் தினமும் வர்றாரு. ஞாயித்துக்கிழமை கூட வுடறதில்ல."

"இதை யாருக்கும் அனுப்பிடாதம்மா."

"முதலாளி கேட்டாருங்க. காலையிலயே அனுப்பிட்டேன்."

ஆலைப் பக்கமே வராத பெங்களூரு முதலாளியிடமிருந்து போன் வந்தது.

"வேலை செய்யாத இருபத்தொம்பது பேரும் நாளையிலருந்து வர வேண்டாம். பச்சியப்பனை மட்டும் என்கிட்ட கூட்டிட்டு வாங்க."

போனை வைத்த மாதவராஜ் பூவிழியிடம் திரும்பினார்.

"பச்சியப்பன் பாஸ்வேர்டை மட்டும்தாம்மா கம்ப்யூட்டர் மாசாமாசம் மாத்தச் சொல்லிக் கேக்காது. அதனால எல்லாருமே அதைப் போட்டுத்தான் வேலை செஞ்சோம்."

"அப்ப அதை அவரையே முதலாளிகிட்ட சொல்லச் சொல்லுங்க சார். உங்க எல்லாரு வேலையும் தப்பிச்சிடும்."

"அவரு செத்து மூணு வருசம் ஆவுதும்மா."