கைமாறும் நேரம்

பெரிய கம்பெனிகளின் விழாக்களுக்கு ஆள் போடுவது மதுவந்தியின் வேலை. யார் எந்த வாசலில், எந்த ஷிப்டில் என்று அவள்தான் முடிவு செய்வாள். கணவனும் மனைவியும் ஒரே ஷிப்டில் நிற்கக்கூடாது என்பது மட்டும் முதலாளியின் கண்டிப்பு. அதனால் போன மாதம் கல்யாணமான சகாயமும் டெல்பினும் மேடையின் பின்கதவில், வாக்கிடாக்கி கைமாறும் நேரத்தில் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். அன்றும் சகாயம் அதை நீட்டினான், டெல்பின் பிடித்தாள், இருவரும் விடவில்லை. யாருடைய விரலோ பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. அரங்கில் வேலைக்கு நின்ற அத்தனை பேர் காதிலும் டெல்பினின் குரல் கேட்டது.

"சாப்பிட்டியா?"

"நீ கட்டிக் குடுத்த தயிர்சாதம் அப்படியே இருக்கு. உன்னப் பாத்துட்டு சாப்பிடலாம்னு..."

"அதுக்குள்ள புளிச்சுப்போயிடும், லூசு."

மதுவந்தி இடுப்பிலிருந்த தன் வாக்கிடாக்கியை எடுத்தாள். முதலாளியும் அதே சானலில்தான் இருந்தார். இன்றோடு இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். குறுக்கே பேசித் தடுக்கப் பார்த்தாள். ஆனால் ஒருவர் அழுத்தியிருக்கும்வரை இன்னொருவர் குரல் போகாது. வாசல்களில் நின்றவர்கள் தூரத்து மழையைக் கேட்பவர்கள்போலத் தலை சாய்த்து நின்றார்கள். விருந்தினர்கள் அவர்களைக் கடந்து, தாங்களாகவே இருக்கை தேடிப் போனார்கள். பிறகு பொத்தான் விடுபட்டது.

"டெல்பின்," என்றார் முதலாளி.

மதுவந்தி வாக்கிடாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நானும் இன்னும் சாப்பிடலம்மா."

"நானும்தான்," என்றது கிழக்கு வாசல். பின்கதவில் இரண்டு கைகள் இன்னும் அந்த வாக்கிடாக்கியைப் பிடித்தபடியே இருந்தன.