மின்ஹோ அம்மா

பரீட்சை எழுதப் போகிற மனுஷன் கடற்பாசி சூப் குடிப்பானா?

ஓக்சுனுக்குச் சந்தேகம் ஊர்ஜிதமானது. வழுக்குகிற பாசியைத் தின்றுவிட்டுப் போனால் பரீட்சையும் வழுக்கிவிடும் என்று கொரியாவின் தேகு நகரத்தில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவரோ விடியற்காலையிலேயே எழுந்து, மாட்டிறைச்சியை நல்லெண்ணெயில் வதக்கி, தன் கையாலேயே சூப் வைத்திருக்கிறார்.

அவள் கணவர் தல்சு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாளாக இங்கிலீஷ் படிக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் மாதிரி, ஒரே வார்த்தையைத் தாள் முழுக்கக் கறுத்துப்போகும்வரை எழுதுகிறார். கேட்டால், விமான நிலையத்தில் வேன் ஓட்டும் வேலைக்குப் பரீட்சையாம்.

வேன் ஓட்ட 'லெஃப்ட்', 'ரைட்' போதாதா?

நேற்று பழைய காகிதம் போடும் நாள். அவர் கட்டி வைத்த தாள்களில் ஒன்றை உருவி, கறுக்காத மூலையில் செல்போனைக் காட்டினாள். அது அர்த்தம் சொன்னது. கைவிடுதல்.

அடுத்த தாள், பிரிவு. அதற்கடுத்தது, நிர்ப்பந்தம்.

போன வாரம் குளியலறைக்குள் இவர் போனில் யாரிடமோ "யெஸ், யெஸ்" என்று தழுதழுத்ததும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தை எவளோ ஒருத்திக்காக உதறப் போகிறார்.

பிறந்தநாளுக்கு வைக்கிற சூப் இது. இந்த வீட்டில் இன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை.

வருஷா வருஷம் இதே நாளில் அவளுக்குத் தலைவலி வரும். போர்வைக்குள் சுருண்டு கிடப்பாள். இன்றும் வலித்தது. ஆனாலும் அவள் விடுவதாக இல்லை.

"மின்ஹோ அப்பா, யாருங்க அவ? இந்த வயசுல வெள்ளைக்காரி கேக்குதா உங்களுக்கு?"

தல்சு கோபப்படவில்லை. கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அமெரிக்காவுல இருக்கா. உன்னைத் தேடித்தான் என்னைப் பிடிச்சா. இன்னைக்குத்தான் பொறந்தநாள். இப்போ போன் பண்ணுவா. நம்ம பாஷை தெரியாது, ஆனா உன்கிட்டதான் பேசணுமாம்."

மகன் பிறந்ததிலிருந்து அவளை 'மின்ஹோ அம்மா' என்று மட்டுமே கூப்பிட்டவர், முதல்முறையாக மாற்றிக் கூப்பிட்டார்.

"ஆறிடப் போகுது. சாப்பிடு, சோரா அம்மா."

கல்யாணத்துக்கு முன்னால், பெற்ற மூன்றாம் நாள் தத்துக் கொடுத்த குழந்தைக்கு அவள் சொல்லி எழுதவைத்த பெயர் அது. அதன்பிறகு அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு கரண்டி சூப்பை எடுத்துக் குடித்தாள். அழுகையை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"அந்த நிர்ப்பந்தம்... அதை அவ பாஷையில எப்படிங்க சொல்லணும்?"